கடைசி விலை

எங்கள் குடும்பத்தில் பேரம் என்பது பரம்பரைச் சொத்து. பாட்டனார் அதனால் பிழைத்தார். தந்தையார் அதனால் பெயர் பெற்றார். என்னோடு அது நின்றுவிட்டது என்பது என் இல்லத்தாரின் நெடுநாளைய வருத்தம். ஒரு கீரைக் கட்டுக்கு இரண்டு ரூபாய் குறைத்துக் கேட்கவும் எனக்கு நா எழுவதில்லை. "கிதாபு ஓதினவருக்குக் கடைத்தெரு எதற்கு?" என்று சொல்லி என் மனைவி பையை என் கையிலிருந்து வாங்கிக்கொள்வது வழக்கம். அப்படிப்பட்டவன், சென்னையில் ஓர் ஒலிக்கருவி வணிகரிடம் பேரம் பேசி ஐயாயிரம் ரூபாய் குறைத்து வந்தேன் என்றால் தெரிந்தவர்கள் வியக்கத்தான் செய்வார்கள். வீட்டில் ஒரு வார காலம் என்னைக் கொண்டாடினார்கள். அந்த ஒரு வாரம் எனக்கு எப்படிக் கழிந்தது என்பதைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன்.

வேலூருக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிப் பொய்கை என்றோர் ஊர் உண்டு. செவ்வாய்க்கிழமைதோறும் அங்கே மாட்டுச் சந்தை கூடும். என் அத்தா அந்தச் சந்தையில் தரகராக இருந்தார்கள். சிறுவனாக இருந்தபோது காட்பாடியிலிருந்து அவர்களோடு விடியற்காலையில் புறப்பட்டுப் போயிருக்கிறேன். வாங்குபவரின் கையும் தரகரின் கையும் ஒன்றையொன்று பற்றியிருக்கும். மேலே ஒரு துண்டு கிடக்கும். துண்டின் கீழே விரல்கள் விலை பேசும். வாயோ மழையைப் பற்றியும் மகள் கலியாணத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும். ஒரு விரலை அழுத்துவது, இரண்டைச் சேர்த்துப் பிடிப்பது, பிடித்ததை உதறுவது என்று எல்லாவற்றுக்கும் பொருள் உண்டு. பக்கத்தில் நிற்பவருக்கு விலை தெரியாது. பேச்சு முறிந்தாலும் யாருக்கும் அவமானமில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இருவரும் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். "விரலால் பொய் சொல்ல முடியாது, வாயால்தான் சொல்ல முடியும்" என்பார்கள் அத்தா. இது முழு உண்மையன்று. மாட்டின் பல்லைப் பற்றியும் கறவையைப் பற்றியும் அதே சந்தையில் வாய்கள் சொன்ன பொய்களை நானே கேட்டிருக்கிறேன். ஆயினும் அத்தா சொன்னதாக ஒரு பொய்யை ஒருவரும் என்னிடம் வந்து சொன்னதில்லை.

1978-ஆம் ஆண்டில் அத்தா துபாய்க்குப் போனார்கள். அக்காலத்தில் நம் வீடுகளில் வளைகுடாவுக்குப் பிள்ளைகளையும் கணவன்மாரையும் அனுப்பியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கடிதம் எழுதத் தெரியாதவர்கள், எழுதியதைப் படிக்கத் தெரியாதவர்கள், இரு பக்கமும் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் கேசட் என்னும் ஒலிநாடா ஒரு வரமாக வந்து சேர்ந்தது. பிலிப்ஸ் நிறுவனத்தார் 1963-இல் அதை உலகுக்குக் காட்டியபோது, காட்பாடியில் ஒரு தாய் தன் கணவரின் சலாமை அதிலிருந்து கேட்டுக் கண்ணீர் விடுவாள் என்று நினைத்திருக்க மாட்டார்கள். ஊருக்கு வருபவர் ஒவ்வொருவர் பெட்டியிலும் நான்கைந்து வீட்டுக் கேசட்டுகள் இருக்கும். முதலில் சலாம், பிறகு பெயர் பெயராக நலம் விசாரிப்பு, பிறகு பணம் வந்ததா என்ற கேள்வி, இடையில் நீண்ட மௌனம். பேசத் தெரியாத ஆண்கள் அந்த மௌனத்தில்தான் அதிகம் பேசினார்கள்.

அத்தா முதல் விடுமுறையில் வந்தபோது ஒரு நேஷனல் பேனசோனிக் டூ-இன்-ஒன் கொண்டுவந்தார்கள். வானொலியும் டேப்ரிக்கார்டரும் சேர்ந்த அந்தப் பெட்டிக்கு அம்மா பூவேலை செய்த உறை தைத்துப் போட்டிருந்தார்கள். காரீ அப்துல் பாசித் அவர்களின் கிராஅத்தும் நாகூர் ஹனீபா அவர்களின் பாடல்களும் அந்தப் பெட்டி வழியாகத்தான் எங்கள் தெருவுக்குள் நுழைந்தன. எனினும் அம்மாவுக்கு அது அத்தாவின் குரல் வரும் பெட்டி. மற்றவை இலவச இணைப்பு. அத்தா 2001-இல் இறையடி சேர்ந்தார்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின் பெட்டியும் ஓய்ந்தது. உள்ளிருந்த ரப்பர்ப் பட்டைகள் உருகித் தார்போல் ஒட்டிக்கொண்டன. பதினேழு கேசட்டுகளும் ஒரு பிஸ்கட் டின்னில் உறங்கின.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் அவற்றில் ஒன்றை எங்கோ கொடுத்துக் கைப்பேசிக்கு மாற்றிக் கொண்டுவந்தான். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கம்பளியை வாயில் அடைத்துக்கொண்டு பேசுவது போலிருந்தது. எண்பத்து நான்கு வயது அம்மா கைப்பேசியைக் காதில் வைத்துச் சற்று நேரம் கேட்டுவிட்டு, "இது உங்க அத்தா இல்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். காது மந்தமாகிக்கொண்டே வருகிறது. இன்னும் எத்தனை நாளைக்கு எந்தக் குரலாவது கேட்குமோ என்ற கவலை எங்களுக்கு. மகன் பணம் அனுப்பினான். "நல்ல டெக், நல்ல ஆம்பிளிஃபயர், நல்ல ஸ்பீக்கர் வாங்குங்கள் அத்தா. விலையைப் பார்க்க வேண்டாம்" என்றான். விலையைப் பார்க்க வேண்டாம் என்று சொல்பவர்கள் யாரும் கடைக்குப் போகப் போகிறவர்களாக இருப்பதில்லை.

உடன் வந்தவன் என் தங்கையின் மகன். ஆம்பூரில் காலணித் தொழிற்சாலை ஒன்றுக்குச் சரக்கு வாங்கும் பிரிவில் இருப்பவன். விலை பேசுவதே அவனுக்கு உத்தியோகம். ஏலகிரி விரைவு வண்டியில் காட்பாடியிலிருந்து சென்னை சேரும் வரை எனக்குப் பாடம் நடத்தினான். நான் முப்பதாண்டுகளாக மாணவர்களுக்குக் கிதாபுல் புயூஉ எனும் வணிக இயலை நடத்துகிறவன். அன்று நான் மாணவன்.

அவன் சொன்னவற்றில் பல உண்மையானவை, வாசகர்களுக்கும் பயன்படும். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் அதிகபட்சச் சில்லறை விலை என்பது ஓர் உச்சவரம்பே. அதற்கு மேல் விற்றால் சட்டப்படி குற்றம். கீழே எவ்வளவுக்கும் விற்கலாம். ஆகவே அந்த விலையிலிருந்து நூற்றுக்கு இருபது, முப்பது தள்ளுபடி என்று பலகை வைத்தால் அதில் மகிழ ஒன்றுமில்லை. உச்சவரம்பை உயரத்தில் கட்டிவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் இறங்கிக் காட்டலாம். கேட்க வேண்டியது தள்ளுபடி எவ்வளவு என்பதன்று. எல்லாம் சேர்த்துக் கையிலிருந்து போகும் கடைசி விலை எவ்வளவு என்பதுதான். புதிய மாதிரி வரப்போகும் சமயம் பழைய மாதிரியின் விலை இளகும். கடையில் கேட்டுக் காட்டுவதற்காகப் பிரித்து வைத்த கருவி, உத்தரவாதச் சீட்டோடு கிடைக்குமானால், வீட்டுக்குப் போதும். ரூபாயைக் குறைக்க மறுப்பவர் கம்பியையும் தாங்கியையும் இலவசமாகக் கொடுக்க இசைவார். ஏனெனில் அவற்றில்தான் அவருக்கு லாபம் அதிகம். ஸ்பீக்கர், ஆம்பிளிஃபயர் எல்லாவற்றையும் ஓரிடத்தில் வாங்குவதாகச் சொல்லிவிட்டுப் பிறகே விலைக்கு வர வேண்டும்.

"கம்பெனி இதற்கு மேல் குறைக்க விடாது என்று சொல்வார்கள் மாமு, நம்பாதீர்கள்" என்றான். இந்த இடத்தில் மட்டும் அவனோடு எனக்கு முழு உடன்பாடில்லை. அப்படித் தடுக்கும் நிறுவனங்கள் உண்டு என்பது ஊரறிந்த செய்தி. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில், தன் முகவர்கள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் தள்ளுபடி தரக்கூடாதென்று கட்டுப்படுத்தியதற்காக மாருதி சுஸுகி நிறுவனத்துக்கு இந்தியப் போட்டி ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மோட்டார் வண்டியில் நடப்பது மற்றப் பொருள்களில் நடக்காது என்று எப்படிச் சொல்வது? கடைக்காரர் கையை விரிக்கும்போது அந்தக் கை சில சமயம் மெய்யாகவே கட்டப்பட்டிருக்கக்கூடும்.

அவன் சொன்ன கடைசி யோசனை இது: "எந்த விலை சொன்னாலும், ரிச்சி தெருவில் இதைவிடக் குறைவாகச் சொன்னார்கள் என்று சொல்லுங்கள். எல்லோரும் சொல்வதுதான்."

நாங்கள் போன கடை அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், மாடியில் இருந்தது. ரிச்சி தெருவைப் போல வாசலில் கம்பிச் சுருள்கள் தொங்கி, கூவி அழைக்கும் கடையன்று. கதவைத் திறந்து உள்ளே போனால் கம்பளம் விரித்த ஓர் அறை. தெரு ஓசை நின்றுவிடுகிறது. உரிமையாளர் என் வயதை ஒத்தவர், அல்லது இரண்டோர் ஆண்டு மூத்தவர். அங்கே புதிய ஆம்பிளிஃபயரும் ஸ்பீக்கரும் உண்டு. பழைய டெக்குகளை அவரே பழுது பார்த்து, பட்டை மாற்றி விற்கிறார். "என்ன கேட்கப் போகிறீர்கள் ஐயா?" என்றுதான் முதலில் கேட்டார். எவ்வளவு பணம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. நான் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்துக் கொடுத்தேன். விவரம் சொன்னேன்.

அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தொண்ணூறு நிமிட நாடா மெல்லியது, விரைந்து ஓட்டினால் சிக்கிக்கொள்ளும் என்று சொல்லி, பென்சில் ஒன்றைப் பல்சக்கரத்தில் நுழைத்து மெதுவாகச் சுற்றித் தளர்வை எடுத்தார். நாங்கள் எல்லாம் சிறுவயதில் செய்த வேலை. பிறகு டெக்கில் போட்டார். அதே கிணறு, அதே கம்பளி. என் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு, "பதிவு செய்த பெட்டியின் தலை கொஞ்சம் சாய்ந்திருந்திருக்கிறது, என் பெட்டியின் தலை நேராக இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. அஸிமத் திருப்ப வேண்டும்" என்றார். நாடா ஓடும் திசைக்கு ஒலித்தலையின் இடைவெளி சரியான செங்கோணத்தில் நிற்க வேண்டுமாம். இம்மி சாய்ந்தாலும் மெல்லிய உயர்ந்த ஒலிகள் செத்துவிடும். ஸகரமும் ஷகரமும் தேய்ந்து குரல் மங்கிவிடும். தலையின் அருகே உள்ள ஒரு சிறு திருகாணியை மெல்லிய திருப்புளியால், நாடா ஓடிக்கொண்டிருக்கும்போதே, மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். கண்ணை மூடிக்கொண்டு திருப்பினார்.

கம்பளி விலகியது. "அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோரும் சௌக்கியமா?" என்று அத்தா கேட்டார்கள். என் பக்கத்தில், சற்று இடப்புறமாக, அமர்ந்திருப்பவர் போலக் கேட்டார்கள்.

என்னால் உடனே பேச முடியவில்லை. பேச்சை மாற்றுவதற்காக, அஸிமத் என்பது அரபுச் சொல் என்று அவரிடம் சொன்னேன். ஸம்த் என்றால் திசை. அதன் பன்மை ஸுமூத். அஸ்ஸுமூத் என்பதுதான் ஐரோப்பியர் நாவில் அஸிமத் ஆயிற்று. கிப்லா எத்திசையில் உள்ளது என்று கணக்கிடும் கலையை எங்கள் நூல்களில் ஸம்துல் கிப்லா என்பார்கள் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "நாற்பது வருஷமாக இந்தத் திருகாணியைத் திருப்புகிறேன் ஐயா, இதைச் சொல்ல ஆளில்லை" என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார். இரண்டு மணி நேரம் எங்களுக்காக ஒதுக்கினார். மூன்று ஜோடி ஸ்பீக்கர்களை மாற்றி மாற்றிப் பொருத்தினார். அவற்றில் விலை கூடிய ஜோடியை, "மனிதக் குரலுக்கு இது வேண்டாம், வயதான காதுக்கும் இது உதவாது" என்று அவரே விலக்கினார்.

பிறகு விலைக்கு வந்தோம். ஆம்பிளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் அச்சிட்ட விலை கூட்டினால் எழுபத்தெட்டாயிரம். அவர் அறுபத்தெட்டாயிரம் என்றார். டெக் தனியாகப் பதினான்காயிரம்; அதில் பேச்சில்லை, என் உழைப்பின் விலை அது என்றார். மருமகன் என் காலை மிதித்தான்.

"ரிச்சி தெருவில் இதே இரண்டையும் அறுபத்து மூன்றுக்குச் சொன்னார்களே" என்றேன்.

வாக்கியம் எவ்வளவு எளிதாக வந்தது என்பதுதான் இன்றுவரை எனக்கு வியப்பு. அந்தத் தெருவில் அன்று நான் காலடி வைக்கவில்லை. கீரைக்காரியிடம் எழாத நா இங்கே எழுந்தது. அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "எந்தக் கடை?" என்று கேட்கவில்லை. கணக்குப் பொறியை எடுத்து எதையோ தட்டினார். "சரி, அறுபத்து மூன்று. கம்பி நான் தருகிறேன்" என்றார். பெட்டிகளைப் பார்சல் லாரியில் அனுப்புவதாகவும், டெக்கை மட்டும் மடியில் வைத்துக் கொண்டுபோகும்படியும் சொல்லிக் கீழே வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

மாலை ஏலகிரி வண்டியில் மருமகன் களிப்போடு உறங்கிவிட்டான். அரக்கோணம் தாண்டும் வரை நான் எனக்கே வழக்குரைஞனாக இருந்தேன். பேரம் பேசுவது மார்க்கத்தில் தடுக்கப்பட்டதா? இல்லை. முஸாவமா என்னும் பேர வணிகத்தில், விற்பவர் தம் கொள்முதல் விலையைச் சொல்ல வேண்டியதில்லை. இருவரும் இசையும் விலையே விலை. பெருமானார் (ஸல்) அவர்களே ஜாபிர் (ரலி) அவர்களிடம் பயணத்தில் ஓர் ஒட்டகையை விலை பேசியிருக்கிறார்கள். ஓர் அறிவிப்பின்படி ஒரு திர்ஹத்தில் தொடங்கி, ஜாபிர் அவர்கள் மறுக்க மறுக்க ஏறி, ஓர் ஊக்கியாவில் முடிந்தது. ஆனால் மதீனா சேர்ந்ததும் விலையையும் கொடுத்து, ஒட்டகையையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உன் ஒட்டகையைப் பறிக்கவா உன்னிடம் பேரம் பேசினேன் என்னும் கருத்துப்பட அவர்கள் சொன்னதாக ஹதீஸ் நூல்களில் வருகிறது. இதைப் பாடம் நடத்தும்போது ஆண்டுதோறும் என் குரல் தழுதழுக்கும். மாணவர்களுக்கும் தெரியும்.

வழக்கு எனக்குச் சாதகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் குதிரை குறுக்கே வந்தது. அவர்களுடைய பணியாளர் ஒரு குதிரையை முந்நூறு திர்ஹத்துக்கு விலை பேசி, பணம் பெற்றுக்கொள்ள உரிமையாளரையும் அழைத்துவந்தார். ஜரீர் அவர்களோ குதிரையைப் பார்த்துவிட்டு, இது முந்நூறுக்கு மேல் பெறும், நானூறுக்குத் தருகிறாயா என்று வாங்குபவராக இருந்துகொண்டே விலையை ஏற்றிக்கொண்டு போய், எண்ணூறு கொடுத்து வாங்கினார்கள். எல்லா முஸ்லிம்களுக்கும் நலம் நாடுவதாகப் பெருமானாரிடம் வாக்களித்தவர்கள் அவர்கள். அதையும் நான்தான் ஆண்டுதோறும் நடத்துகிறேன். அதற்கு என் குரல் தழுதழுத்ததில்லை. சற்று மிகையான பேணுதல் என்று உள்ளுக்குள் நினைத்ததுண்டு.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. விற்பவனின் பொய்யைப் பற்றி நான் எத்தனை பாடம் நடத்தியிருக்கிறேன்! வாங்கிய விலைக்கு மேல் இவ்வளவு லாபம் என்று சொல்லி விற்கும் முராபஹாவில் விற்பவன் முதலைக் கூட்டிச் சொன்னால், வாங்கியவனுக்கு வணிகத்தை முறிக்கும் உரிமை உண்டென்று இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களும், கூடுதலைக் கழித்துக்கொள்ளலாம் என்று மாணவர் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களும் சொல்வதை ஹிதாயாவிலிருந்து எடுத்துக் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டுவேன். போலிப் போட்டி விலை கூறி ஏற்றிவிடும் நஜ்ஷைப் பற்றி வெள்ளிக்கிழமை பயானே செய்திருக்கிறேன். விலையை ஏற்றச் சொல்லும் பொய்தான் என் கண்ணில் பட்டது. இறக்கச் சொல்லும் பொய்யைப் பற்றி ஒரு மாணவனும் என்னைக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. நாங்கள் எல்லோரும் எப்போதும் வாங்குபவர்களாகவே பாடத்தில் அமர்ந்திருந்தோம் போலும்.

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர்கள் என்றொரு கிறிஸ்தவக் கூட்டத்தார் இருந்தார்கள். கொள்ள நினைப்பதைவிடக் கூட்டிச் சொல்வதும், கொடுக்க நினைப்பதைவிடக் குறைத்துச் சொல்வதும் பொய்யே என்று கருதிப் பேரத்தையே விட்டு, ஒரே விலை சொல்லி வணிகம் செய்தார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். பொய்கைச் சந்தையில் பிறந்தவனுக்கு, முதலில் சொல்லும் விலை கடைசி விலையன்று என்பது இரு பக்கமும் தெரிந்த வழக்கம். தெரிந்த வழக்கத்தில் ஏமாற்று இல்லை. "எனக்கு இவ்வளவுதான் முடியும்" என்பது பேரம். "இன்னொருவர் இவ்வளவு சொன்னார்" என்பது சாட்சியம். நான் பொய்ச் சாட்சி சொல்லி வந்திருந்தேன். அதுவும், எனக்காகக் கண்ணை மூடிக்கொண்டு திருகாணி திருப்பியவரிடம்.

நான்காம் நாள் பெட்டிகள் வந்து சேர்ந்தன. மகன் பெங்களூரிலிருந்து வந்து பொருத்தினான். ஸ்பீக்கர்களை அம்மாவின் காது மட்டத்துக்கு வைத்தோம். முதல் கேசட் ஓடியது. அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்கள். சலாமுக்குப் பதில் சொன்னார்கள். ஒவ்வொரு பெயராக அத்தா நலம் கேட்கக் கேட்க, அம்மா ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார்கள்: "நல்லா இருக்கா... அவர் மௌத்தாயிட்டார்... அவளுக்குப் பேரப்பிள்ளை பிறந்தாச்சு." நாங்கள் யாரும் குறுக்கிடவில்லை.

ஆறாவது கேசட்டில் அத்தா அந்த டூ-இன்-ஒன் வாங்கிய கதையைச் சொல்லியிருந்தார்கள். நான் அப்போது மதரஸா விடுதியில் இருந்ததால் இதைக் கேட்டதில்லை. டேரா கடைத்தெருவில் ஒரு கடை; கடைக்காரர் எந்த நாட்டவரோ தெரியவில்லை; அவர் பேசும் எந்த மொழியும் இவர்களுக்கு வராது. "துண்டு தோளில்தான் இருந்தது, ஆனால் அவர் கையை நீட்டவில்லை" என்றார்கள் அத்தா. கணக்குப் பொறியில் எண்ணைத் தட்டி அவர் காட்டினார். அத்தா தலையசைத்து மறுத்தார்கள். அவர் மீண்டும் அதே எண்ணைக் காட்டினார். "பொய்கைச் சந்தையில் மூன்று ஜில்லாக்காரனிடம் விலை முடித்தவன் நான். அங்கே ஊமையாய் நின்று கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஊரில் கேட்டால் பாதி விலைக்கு முடித்தேன் என்று சொல்லிவிடு." பிறகு அந்தப் பழைய நீண்ட மௌனம். அதன் பிறகு, "வேண்டாம், அப்படிச் சொல்லாதே. கேட்டதைக் கொடுத்தேன் என்றே சொல்" என்றார்கள்.

அம்மா சிரித்தார்கள். "நான் பாதி விலை என்றுதான் தெருவெல்லாம் சொன்னேன்" என்றார்கள்.

அடுத்த திங்களன்று வகுப்புக்கு விடுப்புச் சொல்லிவிட்டுச் சென்னைக்குத் தனியே போனேன். உறையில் ஐயாயிரம் ரூபாய் இருந்தது. மாடிப்படியில் ஏறும்போது, மடியில் ஒரு வாக்கியமும் தயாராக இருந்தது. அறைக்குள் நுழைந்ததும் அது மறந்துபோயிற்று. "அன்று நான் ரிச்சி தெருவுக்குப் போகவே இல்லை" என்று மட்டும் சொல்லி உறையை மேசைமேல் வைத்தேன்.

அவர் உறையைத் தொடவில்லை. "தெரியும் ஐயா. அந்த ஸ்பீக்கர் அந்தத் தெருவுக்கு வருவதே இல்லை" என்றார்.

"பின் ஏன் குறைத்தீர்கள்?"

"நீங்கள் நேராகக் கேட்டிருந்தால் மூவாயிரம் குறைத்திருப்பேன். பொய் சொல்லிக் கேட்டீர்கள். சொல்லத் தெரியாமல் சொன்னீர்கள். முகத்தைப் பார்த்தால் சங்கடமாக இருந்தது, சீக்கிரம் முடிக்கலாம் என்று கொடுத்துவிட்டேன்." பிறகு சற்றுக் கடுமையாகவே சொன்னார்: "இந்த அறையில் வந்து இரண்டு மணி நேரம் கேட்டுவிட்டு, பெயரைக் குறித்துக்கொண்டு போய்க் கைப்பேசியில் ஆர்டர் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆயிரம் இரண்டாயிரம் மிச்சம். இந்த அறைக்கு வாடகை யார் கொடுப்பது? அவர்கள் யாரும் திரும்பி வந்து சொன்னதில்லை."

ரசீது வரியோடு எழுதி முடிந்துவிட்டது, அதைத் திறக்க முடியாது என்று பணத்தை வாங்க மறுத்தார். மூவாயிரம் போக மிச்சம் இரண்டாயிரத்தையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் மன்றாடினேன். ஒரு விற்பனை நடக்கும்போது வாராத பேச்சு வன்மை எனக்கு அப்போது வந்தது. அவர் அசையவில்லை. வாசலில் ஒரு வாடிக்கையாளர் வந்து நின்றார். நான் தோற்றேன்.

எழுந்திருக்கும்போது, டெக்குக்கு மாற்று ரப்பர்ப் பட்டை ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டேன். மீண்டும் தார்போல் உருகிவிட்டால் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது? அலமாரியில் தேடி ஒரு சிறு காகித உறையை எடுத்துவந்தார். முந்நூற்றைம்பது என்றார். நான் ஒன்றும் பேசாமல் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினேன். அவர் மேசை அறையைத் திறந்து இருநூறு ரூபாய் திருப்பித் தந்தார். எண்ணிப் பார்த்து, ஐம்பது கூடுதலாக இருக்கிறதே என்றேன்.

"சரியாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, வந்தவரைப் பார்த்து, "என்ன கேட்கப் போகிறீர்கள்?" என்றார்.